லயத்து வீட்டில் மின்சாதனங்களைப் பேணுவதும் மாற்றுவதும்

இலங்கையின் மலையகத்தில் லயத்துக் காம்பராவில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டின் அறையில்) குடியிருக்கும் ஒருவரது குளிர்சாதனப் பெட்டி நின்றுபோனால், புதியதை எந்தக் கம்பனியில் வாங்குவது என்று யோசிக்கும் முன்னரே வேறு பல கேள்விகள் வந்து நிற்கின்றன. லொறி நிற்கும் பாதையிலிருந்து அதை யார் தூக்கி வருவது, இஸ்தோப்பு (முன் திண்ணை) வாசலில் அது நுழையுமா, நுழைந்தபின் எந்தச் சுவரோரம் வைப்பது, அந்த இடத்துப் பிளக் பொயின்ட் அதன் சுமையைத் தாங்குமா, மழைக்காலம் முழுதும் அந்தச் சுவரில் ஊறும் ஈரம் அதை என்ன செய்யும் என்பவை அக்கேள்விகள். நகரத்து வீட்டுக்கென எழுதப்படும் ஆலோசனைகளில் இவற்றுக்கு இடமில்லை. லயத்திலோ, அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியில் கட்டப்பட்ட 550 சதுர அடித் தனி வீட்டிலோ வாழ்பவர்களுக்காக இக்குறிப்புகள் எழுதப்படுகின்றன. இடம் சிறியது, மின்சாரமும் தண்ணீரும் அளவோடு வருவன, ஈரம் மட்டும் அளவில்லாமல் வருவது என்ற மூன்றையும் மனதில் வைத்தே வீட்டு வேலைகளையும் சாமான்களையும் திட்டமிட வேண்டியிருக்கிறது.

பழுது எங்கே என்று முதலில் பாருங்கள்

ஒரு சாதனம் வேலை செய்யவில்லை என்றவுடன் அது போய்விட்டது என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் அவசர முடிவாகும். லயங்களில் சாதனத்துக்கு முன்பாகப் பழுதாவது பிளக்கும் பிளக் பொயின்டும்தான். பிளக்கைக் கழற்றி அதன் முள்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முள் மட்டும் பழுப்பாகவோ கருநீலமாகவோ நிறம் மாறி, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகிச் சுருங்கியிருந்தால், உள்ளே பிடி தளர்ந்து தொடர்ந்து சூடேறியிருக்கிறது என்று பொருள். அந்தப் பொயின்டை மாற்றாமல் புதிய சாதனத்தை அதில் பொருத்தினால் புதியதும் அதே வழியில் போகும். ஈரமான சுவரில் பதித்த பொயின்டுகளின் பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு பிடிப்பதும் எறும்பு கூடு கட்டுவதும் சாதாரணம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தெரிந்த ஒரு பாஸை (மின் வேலை செய்பவரை) கொண்டு பொயின்டைக் கழற்றிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

பொயின்ட் நல்ல நிலையில் இருந்தால் அடுத்ததாகச் சத்தத்தைக் கவனியுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் உள்விளக்கு எரிகிறது, ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பின்புறத்தில் ‘டிக்’ என்று கேட்டு உடனே அடங்கிவிடுகிறது என்றால், கம்பிரசர் கிளம்ப முயன்று முடியாமல் நிற்கிறது. மின்னழுத்தம் குறைவாக இருப்பதாலோ, கம்பிரசரின் பக்கத்தில் செருகப்பட்டு அதைக் கிளப்பிவிடும் ரிலே பழுதானதாலோ இவ்வாறு நிகழலாம். ரிலே மலிவான பொருள். கம்பிரசர் ஓடிக்கொண்டேயிருந்தும் குளிரவில்லை என்றால் வாயு கசிந்திருக்கலாம். கசிவு வெளிக் குழாயில் என்றால் ஒட்டி நிரப்பலாம். பெட்டியின் சுவருக்குள் பதிந்த குழாய் துருப்பிடித்துக் கசிந்திருந்தால் பணத்தை அதில் கொட்ட வேண்டாம். சலவை இயந்திரம் உறுமுகிறது, சுழலவில்லை என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் காரணம். அது அணைத்த பிறகும் மின்னேற்றத்தைச் சேமித்து வைத்திருக்கும் ஆதலால், இயந்திரத்தைத் திறந்து கைவிட்டுப் பார்ப்பதை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். ரைஸ் குக்கர் அறவே சூடாகவில்லை என்றால் அடியிலுள்ள வெப்பப் பியூஸ் எரிந்திருக்கும். ஹட்டன், பண்டாரவளை போன்ற ஊர்களில் சிறிய திருத்தும் கடைகளிலேயே அதை மாற்றிவிடுவார்கள்.

திருத்தும் செலவு புதிய சாதனத்தின் விலையில் பாதியைத் தாண்டி, சாதனமும் பத்து வருடங்களைக் கடந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது என்பது என் கணக்கு. இரண்டில் ஒன்று மட்டும் பொருந்தினால் திருத்துவதையே பரிந்துரைப்பேன். ஏனெனில் மலையகத்தில் புதியது வாங்குவதன் செலவு, கடையில் ஒட்டியிருக்கும் விலையோடு முடிவதில்லை.

மின்சாரம் எவ்வளவைத் தாங்கும்

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதிலிருந்து 6 சதவீதம் கூடவோ குறையவோ வரலாம் என்பது விதி, அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. டிரான்ஸ்போமரிலிருந்து நெடுந்தூரம் வந்து வரிசையின் கடைசிக் காம்பராவை எட்டும் கம்பியில், மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே எல்லா வீடுகளிலும் சமையலும் தொலைக்காட்சியும் நடக்கும்போது இந்த எல்லை காக்கப்படும் என்று நம்பியிருக்க முடியாது. 700 வொட் ரைஸ் குக்கர் 180 வோல்ட்டில் ஏறத்தாழ 430 வொட்டாகத்தான் வேலை செய்யும். சோறு வேகத் தாமதமாகும், அவ்வளவுதான். குக்கர் போன்ற சூடாக்கும் சாதனங்களுக்கு இதனால் கெடுதல் இல்லை. மோட்டார் உள்ளவற்றுக்குத்தான் ஆபத்து: குறைந்த மின்னழுத்தத்தில் கிளம்ப முடியாத மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறிக் கருகும். ஆகவே புதிய குளிர்சாதனப் பெட்டி வாங்குவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்கியாவது மாலை நேரத்து மின்னழுத்தத்தைச் சில நாட்கள் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி 200க்குக் கீழே இறங்கினால் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசரையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது சில நிமிடம் தாமதித்து இணைக்கும் வகையாக அது இருக்கட்டும். பக்கத்துக் காம்பராக்காரர்களும் சேர்ந்து மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்துக்கு முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்வதும் பலன் தரும். தனியொருவர் சொல்வதைவிட ஒரு லயமே சொல்லும்போது கதை வேறு.

பிளக் பொயின்டின் அளவையும் பார்க்க வேண்டும். பழைய லயங்களில் இன்னும் காணப்படும் சிறிய உருண்டை முள் பொயின்ட் 5 அம்பியருக்கு உரியது. அதில் 1,150 வொட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. 2,000 வொட் மின் கேத்தலை அடப்டர் போட்டு அதில் செருகுவதுதான் நான் முன்பு சொன்ன கருகிய முள்ளின் கதை. சதுர முள் கொண்ட 13 அம்பியர் பொயின்ட் ஏறக்குறைய 3,000 வொட் வரை தாங்கும். ஆனால் அதற்குப் பின்னால் வரும் வயரும் அதற்கேற்ற தடிப்பில் இருக்க வேண்டும். பொயின்டை மட்டும் மாற்றி, உள்ளே பழைய மெல்லிய வயரை விட்டுவைத்தால் சூடேறுவது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாறுகிறது. அது இன்னும் மோசம். லயங்களில் ஏற்படும் தீ விபத்துச் செய்திகளில் மின் ஒழுக்கு என்ற காரணம் எத்தனை முறை வருகிறது என்பதை நாமெல்லோரும் அறிவோம். ஒரே கூரையின் கீழ் காம்பராக்கள் வரிசையாக இருப்பதால் ஒரு வீட்டு வயர் எரிந்தால் பத்து வீடு போகிறது. ஆகவே மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் வேறெதையும் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, உடனே விழுகிறதா என்று பாருங்கள். மழை நாட்களில் அது அடிக்கடி விழுந்தால் எங்கோ ஈரம் ஏறியிருக்கிறது என்று அது சொல்கிறது. அதைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்லும் ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

அடுத்தது கட்டணம். அண்மைய ஆண்டுகளின் கட்டண முறையில், மாதப் பாவனை 60 அலகுக்குள் நின்றால் ஒரு வரிசை, 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறொரு வரிசை. நிலைக் கட்டணமும் சேர்ந்து ஏறுகிறது. அதனால் 58 அலகுக்கும் 66 அலகுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் எட்டு அலகின் விலையோடு நிற்பதில்லை. ஒரு வீட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சிறிய குளிர்சாதனப் பெட்டி நாளுக்கு 0.8 அலகு என்றால் மாதத்துக்கு 24, ஐந்து எல்ஈடி மின்குமிழ்கள் மாலையில் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 7, தொலைக்காட்சி 7, காலையும் மாலையும் அரை மணித்தியாலம் வீதம் ரைஸ் குக்கர் 21, பள்ளிச் சீருடைக்கு நாளும் கால் மணித்தியாலம் ஸ்திரிக்கை 7. கூட்டினால் 66. ஒரு வேளைச் சோற்றை விறகடுப்புக்கு மாற்றினால் 56க்கு வந்துவிடும். ஒரு வாரச் சீருடைகளையும் ஒரே தடவையில் ஸ்திரி போடுவதும் உதவும், ஏனெனில் ஒவ்வொரு நாளும் இரும்பைப் புதிதாகச் சூடாக்குவதில் மின்சாரம் வீணாகிறது. புதிய சாதனம் வாங்குகிறவர் கடையிலேயே அதன் ஆண்டுப் பாவனை அலகைக் கேட்டு 12ஆல் வகுத்து, தம் வீட்டு மின்பட்டியலில் கூட்டிப் பார்த்தபின் முடிவெடுப்பதே முறை.

குளிர் ஊரில் குளிர்சாதனப் பெட்டி

பலருக்கும் புதிராக இருக்கும் விடயம் இது: நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கங்களில் வாங்கிய புதுப்பெட்டியில் கீழ்ப்பகுதி நன்றாகக் குளிர்கிறது, மேலே உறைபகுதியில் வைத்த மீன் மட்டும் இளகிவிடுகிறது. பெட்டியில் பழுது இல்லை. ஒற்றைக் கட்டுப்பாடு கொண்ட பெட்டிகளில் வெப்பத்தை உணரும் பகுதி கீழ் அறையில் இருக்கும். வெளியே காம்பராவே இரவில் 12, 13 பாகை என்று குளிர்ந்து கிடக்கும்போது கீழ் அறை சூடேறுவதேயில்லை, அதனால் கம்பிரசரைக் கிளப்பும் வேலையும் நடப்பதில்லை, உறைபகுதியோ மெல்ல இளகத் தொடங்குகிறது. ஒவ்வொரு பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டிலும் காலநிலை வகுப்பு என்று ஓர் எழுத்து இருக்கும். ‘டி’ (T) என்பது 16 முதல் 43 பாகை வரையிலான அறைக்கு, ‘எஸ்.டி’ (ST) 16 முதல் 38 வரை, ‘என்’ (N) 16 முதல் 32 வரை, ‘எஸ்.என்’ (SN) 10 முதல் 32 வரை. எழுத்து எஸ்.என் என்று தொடங்கினால், அல்லது அது மற்றவற்றோடு சேர்த்து அச்சிடப்பட்டிருந்தால், உயரமான தோட்டங்களுக்கு அதுவே ஏற்றது. கொழும்பு வெயிலை மனதில் வைத்து இறக்குமதியாகும் பெட்டிகள் கிடைக்கும் சந்தையில் இதைத் தேட வேண்டியிருக்கும். கடைக்காரருக்கே அந்தத் தகடு எங்கே என்று காட்ட வேண்டி வரலாம். கிடைக்காவிட்டால், பெட்டியை இஸ்தோப்பிலோ வெளிச்சுவரிலோ வைக்காமல் உள்காம்பராவில் வைத்து, குளிர் மாதங்களில் கட்டுப்பாட்டை இன்னும் குளிரான எண்ணுக்குத் திருப்பி வையுங்கள். அப்போது கம்பிரசர் அடிக்கடி ஓடும்.

பதுளை, பசறை, கம்பளைப் பக்கம் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஈரமும் புகையும்தான் எதிரி. குசினியில் விறகடுப்புப் புகை படிந்த பெட்டியின் பின்புறச் சுருள்களில் எண்ணெய்க் கரி ஒட்டி, வெப்பம் வெளியேற வழியில்லாமல் கம்பிரசர் ஓயாமல் ஓடும். குசினியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கையின் அகலமாவது விடுங்கள். தரை ஊறும் காம்பராவில் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு அதன்மீது நிறுத்துவது, அடித்தகடு துருப்பிடிப்பதைப் பல வருடங்கள் தள்ளிப்போடும். கதவின் இரப்பர் விளிம்பில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியதும் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் மடிப்புகளுக்குள் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொருமுறை ஒற்றியெடுங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் இரப்பர் தளர்ந்திருக்கிறது. இரப்பரை மட்டும் மாற்றலாம், பெட்டியை மாற்றத் தேவையில்லை.

உண்மையில், நுவரெலியாவின் உயரத்தில் மரக்கறியையும் முட்டையையும் மட்டுமே வைக்கும் குடும்பத்துக்கு 170, 180 லீட்டர் ஒற்றைக் கதவுப் பெட்டியே மிகுதி. இரட்டைக் கதவுப் பெட்டி வாசலில் நுழைவதும் கஷ்டம், 60 அலகுக்குள் நிற்பதும் கஷ்டம்.

தண்ணீரும் துணியும்

சலவை இயந்திரம் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது குழாயின் அழுத்தம். முழுத் தானியங்கி இயந்திரங்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 0.3 முதல் 0.5 ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) வரை தேவை. நீர்த்தாங்கி குழாயிலிருந்து ஒவ்வொரு மீற்றர் உயரத்துக்கும் 0.1 பார் தருகிறது. ஆக, தாங்கி குறைந்தது மூன்று முதல் ஐந்து மீற்றர் மேலே இருக்க வேண்டும். ஊற்றிலிருந்து இறப்பர்க் குழாய் போட்டு, முறை வைத்துத் தண்ணீர் வரும் லயத்தில், அல்லது பீலியில் பிடித்து வாளியில் சுமக்கும் வீட்டில், இந்த இயந்திரம் தண்ணீருக்காகக் காத்துக்கொண்டே பாதியில் பிழை எண்ணைக் காட்டி நிற்கும். அங்கே இரட்டைத் தொட்டி கொண்ட அரைத் தானியங்கி இயந்திரமே பொருத்தமானது: வாளியால் ஊற்றலாம், சவர்க்காரத் தண்ணீரை இரண்டாம் தடவைத் துணிக்கும் பயன்படுத்தலாம், நடுவில் மின்சாரம் போனால் கையால் அலசி முடிக்கலாம். அதன் சிறிய பிழியும் தொட்டிதான் மழைக்காலத்தில் உண்மையான வரப்பிரசாதம். கையால் பிழிந்த ஜீன்ஸ் ஆடி மாத மழையில் மூன்று நாள் கொடியில் தொங்கி நாற்றமெடுக்கும். பிழியும் தொட்டியில் சுழற்றியது இஸ்தோப்புக் கொடியில் ஒரு நாளில் காயும். துணிகளை வட்டமாகச் சமமாக அடுக்கி, மேலே பிளாஸ்டிக் மூடியை அழுத்தி வையுங்கள். ஒரு பக்கம் கனத்தால் இயந்திரம் துள்ளி நகர்ந்து, காலப்போக்கில் அச்சின் அடைப்பு தேய்ந்து, தண்ணீர் மோட்டாரில் சொட்டத் தொடங்கும்.

கழிவுக் குழாயைக் கானுக்கே (வடிகாலுக்கே) நேரடியாகக் கொண்டுபோய் விடுங்கள். வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டிய சரிவில் சவர்க்காரத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் சரிவு இளகும். கூரைத் தண்ணீரும் அப்படியே. 1,000 லீட்டர் தாங்கி நிரம்பினால் ஒரு தொன் எடை என்பதை நினைவில் வைத்து, அதை வெட்டிய மண் விளிம்பில் வைக்காமல் கெட்டியான தரையில் கட்டிய மேடையில் வையுங்கள்.

அடுப்பு

நுவரெலியாவில், கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில், தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஹட்டனில் 96க்கு அருகில். பருப்பும் கடலையும் வேக எடுக்கும் நேரம் இதனால்தான் கூடுகிறது. பிரஷர் குக்கர் ஒன்று இந்த உயரத்தில் எரிபொருளை மிச்சப்படுத்தும் முதல் சாதனமாகும், அதன் இரப்பர் வளையம் ஒன்றை எப்போதும் உபரியாக வைத்திருங்கள்.

எரிவாயு பற்றிச் சுருக்கமாக. சிலிண்டரிலுள்ள பியூட்டேன் குளிரில் மெதுவாகவே ஆவியாகும். எனவே தை, மாசி விடியலில் தீ மெலிந்தால் அது சிலிண்டர் முடியும் தறுவாயில் இருப்பதன் அறிகுறியாகவும், வெறும் குளிரின் விளைவாகவும் இருக்கலாம். அதைச் சூடாக்க அடுப்பருகே நகர்த்துவதையோ சுடுநீர் ஊற்றுவதையோ ஒருபோதும் செய்யாதீர்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆகவே விறகடுப்பு எரியும் அதே மூலையில் சிலிண்டரை வைக்கக் கூடாது, குசினிக் கதவின் அடியில் காற்று போகும் இடைவெளியை அடைக்கவும் கூடாது. 2021இன் இறுதியில் நாடெங்கும் அடுப்பு வெடிப்புகள் தொடர்ந்தபோது பலர் பழகிக்கொண்ட சவர்க்கார நுரைச் சோதனையை, ஒவ்வொரு சிலிண்டர் மாற்றத்தின் போதும் ரெகுலேட்டரிலும் குழாயின் இரு முனைகளிலும் செய்யுங்கள்: நுரையில் குமிழி ஊதினால் கசிவு. ரெகுலேட்டர் கம்பனிக்குக் கம்பனி மாறும் என்பதால், தோட்டத்துக் கடையில் எந்த சிலிண்டர் தடையின்றிக் கிடைக்கிறதோ அதற்கேற்ற அடுப்புச் சாமானையே வாங்குவது புத்தி. விறகடுப்பை இடித்துவிட வேண்டாம். 2022இல் எரிவாயு வரிசைகளும், மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டும் வந்தபோது, மிலாறும் (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளும்) சவுக்கும் எரிந்த குசினிகளில்தான் நேரத்துக்குச் சோறு வெந்தது.

மழையை வைத்து வேலைகளை வகுத்தல்

வீட்டு வேலைகளை நாட்காட்டியில் பங்கிடுவதைவிட மழையை ஒட்டிப் பங்கிடுவதே இங்கே பொருந்தும். வட்டவளை, கினிகத்தேனை, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. பதுளை, பசறை, மடுல்சீமை பக்கம் கார்த்திகை முதல் தை வரையே பெரிய மழை. உங்கள் பக்கத்து மழை தொடங்கும் முன்னைய மாதத்தில் நான்கு வேலைகள் முடிந்திருக்க வேண்டும்: கவ்வாத்து மிலாறு உலர்ந்து பரணுக்கு ஏறியிருக்க வேண்டும், கூரைத் தகரத்தின் ஆணித் தலைகள் தார் வைத்து அடைக்கப்பட்டிருக்க வேண்டும், கான் வாரப்பட்டிருக்க வேண்டும், ஊற்று வாயிலிலுள்ள வடிகட்டி கழுவப்பட்டிருக்க வேண்டும்.

கூரை ஒழுகாத வீட்டிலும் தகரத்தின் அடியில் தண்ணீர் கோக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரவில் மூச்சும் கேத்தல் ஆவியும் குளிர்ந்த தகரத்தில் பட்டு, விடியலில் துளித்துளியாகச் சட்டத்தின் வழியே ஓடி, ஒரே இடத்தில் சொட்டும். அந்த இடத்துக்கு நேர் கீழே மல்டி பிளக் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விடியலில் எழுந்து டோர்ச் அடித்து எங்கே சொட்டுகிறது என்று பார்த்து, மல்டி பிளக்கைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு மேலே, செருகும் வாய்கள் பக்கவாட்டில் பார்க்கும்படி மாட்டுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது பாவிக்காத சாதனங்களைச் சிறிது நேரம் ஓட்டுவது நல்லது. உள்ளே உண்டாகும் சூடு ஈரத்தை விரட்டும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடி முழங்கும் நாட்களில், மலைக்கு வேலைக்குப் போகும் முன்பே பிளக்குகளைக் கழற்றிவிட்டுப் போங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. தொலைக்காட்சியின் டிஷ் அன்டனா வயரையும் கழற்ற வேண்டும், மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும்.

வாங்கி, தூக்கி வந்து, வைப்பது

கடைக்குப் போவதற்கு முன் வாசலை அளக்கும்போது நிலையின் உள் அகலத்தை அளவிடுங்கள். கதவு முழுதாகத் திறக்காமல் சுவரில் இடித்தால் அந்தக் குறைவையும் கழியுங்கள். இஸ்தோப்பிலிருந்து உள்ளே திரும்பும் மூலைதான் பெரும்பாலும் தடை. மூங்கில் குச்சிகளால் பெட்டியின் நீள அகலத்துக்கு ஒரு சட்டம் கட்டி, அதை வாசல் வழியே நடத்திப் பார்த்தால் ஒரு லொறிக் கூலி மிச்சமாகலாம். கதவுப் பலகையைக் கீலிலிருந்து கழற்றினால் ஓர் அங்குலத்துக்கு மேல் கிடைக்கும்.

லொறி பெரும்பாதையில் நின்றுவிடும் தோட்டங்களில், அங்கிருந்து லயம் வரை யார் தூக்குவது என்பதைக் கடையில் பணம் கட்டுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். ‘வீடு வரை கொண்டுவந்து தருவோம்’ என்ற வாக்குறுதியில் வீடு என்பது அவர்களுக்குப் பாதையோரம்தான். குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கும்போது உள்தட்டுகளை வெளியே எடுத்து, கதவை ஒட்டுநாடாவால் கட்டி, படங்கு ஒன்றால் சுற்றுங்கள். கனம் முழுவதும் அடியில், கம்பிரசர் பக்கத்தில் இருக்கிறது; ஆகவே படியேறும்போது பலசாலி கீழே நிற்க வேண்டும், பெட்டியின் தலை மேலே போக வேண்டும். பின்புறக் கறுப்புச் சுருளைப் பிடித்துத் தூக்க விடாதீர்கள், அது வளைந்தால் வாயு போய்விடும். வழியில் சாய்த்திருந்தால் நிமிர்த்தி வைத்துக் குறைந்தது நான்கு மணித்தியாலமும், படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு நாளும் பொறுத்தபின் மின்சாரம் கொடுங்கள். கம்பிரசரின் எண்ணெய் குழாய்களிலிருந்து திரும்பி வடிய அவ்வளவு நேரம் தேவை. பிள்ளைகள் ஐஸ் கட்டிக்காக அவசரப்படுவார்கள், மறுநாள் சாப்பிடட்டும்.

தோட்டத்தில் தரும் தீபாவளி முற்பணம் கையில் வந்ததும் சாமான் வாங்குவது நம் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் அது இடியும் மழையும் பாதைகள் சரிவதுமான பருவம், கடைகளிலும் கூட்டம். முடிந்தால் கடையில் விலை பேசி முற்பணம் கட்டிவிட்டு, மழை ஓய்ந்தபின் இறக்குமாறு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தவணையில் எடுப்பவர் மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது: முழுத் தவணையும் கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு, ஒரு மாதம் தவறினால் தண்டம் எவ்வளவு என்ற இரண்டையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். உத்தரவாத அட்டையில் மின்னழுத்தக் கோளாறால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஸ்டெபிலைசர் இனி விருப்பப் பொருள் அல்ல. திருத்துபவர் எந்த ஊரிலிருந்து வருவார், தோட்டம் வரை வருவாரா, அல்லது நாமே மறுபடி பாதைக்குத் தூக்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். பற்றுச்சீட்டையும் அட்டையையும் பெட்டியின் பின்புறத் தொடரிலக்கத்தோடு சேர்த்துத் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். காம்பராவில் வைத்த தாள் ஒரு மழைக்காலத்தில் மை கரைந்துபோகும். கடை பொறுப்பேற்க மறுத்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடும்போது இந்தப் படங்கள்தான் சாட்சி.

பழைய பெட்டியைத் தேயிலை மலையின் பள்ளத்தில் உருட்டிவிடுவதை நிறுத்த வேண்டும். பழைய இரும்பு வாங்க வருபவரிடம் கொடுக்கலாம், ஆனால் வீட்டு வாசலில் வைத்துக் குழாயை வெட்ட விடாதீர்கள். அண்மைக்காலப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது தீப்பற்றும் வாயு. அவர் வரும் வரை அது இஸ்தோப்பின் ஓரத்தில் கிடக்கும் என்றால், ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளாதபடி கீலின் திருகாணிகளைக் கழற்றிக் கதவை அன்றைக்கே தனியாக எடுத்துச் சுவரோடு சாத்தி வையுங்கள்.